காதில் ஓயாத இரைச்சல்: அலட்சியமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்

பெங்களூரு: வெளியில் எந்த ஒலியும் இல்லாத நேரத்திலும் காதுக்குள் ரீங்காரம், விசில், சில்வண்டின் ஓசை, கடலிரைச்சல் போன்றவை கேட்பது ‘டின்னிடஸ்’ எனப்படுகிறது. உலகில் வயதுவந்தோரில் சுமார் 14 சதவீதத்தினர், அதாவது 74 கோடிக்கும் அதிகமானோர் இதை அனுபவித்துள்ளதாக, 2022-ஆம் ஆண்டு ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

காரணம் என்ன?

டின்னிடஸ் தனி நோயன்று, ஓர் அறிகுறி. உள்காதிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் முதுமையாலோ பேரிரைச்சலாலோ சிதைந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றிலிருந்து வரும் சமிக்ஞை குறையும்போது, மூளை தனது உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அதன் விளைவே இந்த ஒலி என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கமாகும். காதுக் குறும்பி அடைப்பு, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

இரைச்சலும் பாதுகாப்பும்

பெங்களூரு போன்ற நகரங்களில் போக்குவரத்து இரைச்சலும், அதை மீறிக் கேட்க ஹெட்போனின் ஒலியளவைக் கூட்டும் பழக்கமும் செவியைப் பாதிக்கின்றன. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் நிர்ணயித்த வரம்பு. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 90 டெசிபல் எனில் 4 மணி நேரமே.

வாழ்வது எப்படி?

இதை முற்றிலும் நீக்கும் மருந்து இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால், ‘ஒன்றும் செய்ய இயலாது’ என்பதும் சரியன்று. செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காதுகேட்கும் கருவி உதவக்கூடும். ஒலியின் மீதான அச்சத்தையும் மன உளைச்சலையும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. முழு அமைதியில் இரைச்சல் மேலோங்கித் தெரியும் என்பதால், உறங்கும்போது மின்விசிறி ஓசை அல்லது மெல்லிய இசை பயன்படும்.

உடனடி கவனம் தேவை

திடீரெனக் கேட்கும் திறன் குறைதல், ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சல், நாடித்துடிப்புடன் ஒத்து ஒலித்தல், தலைச்சுற்றல் ஆகியவை இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரை அணுக வேண்டும். குறிப்பாக, திடீர் செவித்திறன் இழப்புக்குச் சில நாள்களுக்குள் சிகிச்சை தொடங்குவது அவசியம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும், மைசூருவிலுள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்திலும் செவிப் பரிசோதனை வசதிகள் உள்ளன.