கடலை மிட்டாய்: இனிக்கும் கண்ணாடி



வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் பேருந்துக்காக நின்றிருக்கிறீர்களா? அங்கு மட்டுமல்ல, எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் இரண்டு தின்பண்டங்களைக் காணலாம். ஒன்று கடலை மிட்டாய். மற்றொன்று, வெள்ளை வெளேரென்று சீனி பூசிய சீனிக்கடலை. இரண்டுக்கும் வேண்டிய பொருள்கள் ஒன்றே: நிலக்கடலை, இனிப்பு, கொஞ்சம் தண்ணீர், அடுப்பு. ஆனால் கடலை மிட்டாயைக் கடித்தால் ‘மடக்’கென்று உடைகிறது. சீனிக்கடலையின் மேல்பூச்சோ மணல்போல் நறநறவென்று உதிர்கிறது. ஒரே பாகு இப்படி இரண்டு விதமாக மாறக் காரணம் என்ன?

விடை உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. வாருங்கள், அங்கேயே தேடுவோம்.

கடலையைப் பார்த்து எடுங்கள்

கொட்டை என்று நாம் சொன்னாலும் நிலக்கடலை உண்மையில் அவரை, துவரையின் உறவினம். மேலே பூத்து, பூவின் அடியிலிருந்து ஊசிபோன்ற காம்பை மண்ணுக்குள் இறக்கி, அங்கே காய்க்கும் பயறு அது. தென் அமெரிக்காவில் தோன்றிய இப்பயிர் இன்று திண்டுக்கல் மாவட்டத்தின் மானாவாரி நிலங்களிலும் விளைகிறது. பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கால் பங்கு புரதம்.

மண்ணுக்குள் காய்ப்பதால் இதற்கு ஓர் ஆபத்தும் உண்டு. மண்ணில் வாழும் பூஞ்சைகள் எளிதில் இதைப் பற்றிக்கொள்ளும். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. முதலில் நோய் என்னவென்றே தெரியவில்லை. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த ஒரு பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று கண்டார்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்பது அப்பூஞ்சையின் பெயர். அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். அது கல்லீரலைக் கெடுக்கும். நெடுநாள் உடலில் சேர்ந்தால் புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தால் இந்நஞ்சு குறையுமே தவிர, முழுவதும் அழியாது.

ஆகவே கடலையைச் சுளகில் பரப்பி, சுருங்கியவை, நிறம் மாறியவை, பூசணம் பிடித்தவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் இந்த வேலை வீண் வேலை அன்று. கசக்கும் கடலை ஒன்று வாயில் அகப்பட்டால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

பொறுக்கிய கடலையை இருப்புச் சட்டியில் இட்டு, சிறு தீயில் கிளறி வறுங்கள். இப்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, பருப்பிலுள்ள ஈரம் வெளியேறுகிறது. இரண்டாவது, அதிலுள்ள சர்க்கரையும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சேர்ந்து மணமும் பழுப்பு நிறமும் தரும் புதிய பொருள்களாகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி மெயார் பெயரால் இது மெயார் வினை எனப்படுகிறது. தோசை முறுகுவதும் இதே வினையால்தான். வறுத்த கடலையை ஆறவிட்டு, கையால் தேய்த்துத் தோல் நீக்கிப் புடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாகு ஏன் கொதிநீரைவிடச் சுடுகிறது?

தூய நீர் கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எவ்வளவு நேரம் எரித்தாலும், நீர் இருக்கும்வரை அதற்கு மேல் சூடேறாது. அதில் சீனியைக் கரைத்தால் நிலை மாறுகிறது. சீனி மூலக்கூறுகள் நீர் மூலக்கூறுகள் ஆவியாவதைத் தடுக்கின்றன. எனவே கொதிக்கக் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. நீர் ஆவியாகி, பாகில் சீனியின் பங்கு கூடக் கூடக் கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகும்.

நூறு பங்கில் 80 பங்கு சீனி உள்ள பாகு ஏறத்தாழ 110 டிகிரியில் கொதிக்கும். விரலிடையில் தொட்டால் கம்பியாக நீளும். இதுவே கம்பிப் பதம். 85 பங்கானால் 115 டிகிரி. நீரில் விட்டால் மென்மையாக உருட்ட வரும் உருட்டுப் பதம். 95 பங்கானால் 140 டிகிரியை ஒட்டி வரும். 99 பங்கானால் 150 டிகிரி. அதுதான் உடையும் பதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டியில் 150 கிராம் சீனி இருப்பதாகக் கொள்வோம். கம்பிப் பதத்தில் அதனுடன் சுமார் 37 கிராம் நீர் இருக்கும். 95 பங்குப் பாகில் 8 கிராம். உடையும் பதத்தில் ஒன்றரை கிராம்தான். அதாவது, பல்லில் ஒட்டும் மிட்டாய்க்கும் ‘மடக்’கென்று உடையும் மிட்டாய்க்கும் உள்ள வேறுபாடு ஒன்றரைத் தேக்கரண்டித் தண்ணீர்கூட இல்லை! அதனால்தான் கடைசி இரண்டு நிமிடம் அடுப்பைவிட்டு நகரக் கூடாது என்கிறார்கள்.

கிண்ணத்து நீரே வெப்பமானி

150 டிகிரி காட்டும் வெப்பமானி நம் வீடுகளில் ஏது? ஆனால் அம்மாச்சியிடம் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கிறது. பாகில் ஒரு துளியை அதில் விடுகிறார். கரைந்து போனால் பதம் வரவில்லை. உருட்ட வந்தால் இன்னும் கொஞ்சம் காய வேண்டும். உருட்டியதைத் தட்டில் போட்டால் ‘ணங்’கென்று ஓசை வர வேண்டும், வளைத்தால் வளையாமல் ஒடிய வேண்டும். அப்போது அடுப்பை அணைக்கலாம்.

இது வெறும் கைப்பழக்கம் அன்று; நல்ல அறிவியல் சோதனை. வெப்பமானி பாகின் சூட்டை மட்டும் சொல்கிறது. அம்மாச்சியின் சோதனையோ ஆறிய பின் மிட்டாய் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இதன் அருமையை உணர வத்தலக்குண்டிலிருந்து மலையேற வேண்டும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும்; சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலையும் இறங்கும். அங்கே நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாகின் கொதிநிலையும் அதேபோல் இறங்கும். கீழே 150 டிகிரியில் வந்த பதம், மேலே அதைவிட ஆறேழு டிகிரி குறைவிலேயே வந்துவிடும். 150 வரட்டும் என்று வெப்பமானியைப் பார்த்துக் காத்திருப்பவரின் பாகு பதம் தாண்டிவிடும். கிண்ணத்து நீரை நம்பியவரின் பாகு தப்பிக்கும்!

ஓர் எச்சரிக்கை. கிண்ணத்தில் பானைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ இருக்கட்டும். குளிர்பதனப் பெட்டி நீர் வேண்டாம். மிகுந்த குளிர்ச்சியில், பதம் வராத பாகுகூட இறுகி உடையும். பிறகு அறைச் சூட்டில் இளகி ஒட்டும்.

செய்து பார்ப்போம்

முதலில் பாதுகாப்பு. காய்ந்த பாகு கொதிநீரைவிட 50 டிகிரி கூடுதலாகச் சுடும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகப் பொசுக்கும். ஆகவே பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பாகை விரலால் தொடாதீர்கள். தவறிப் பட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மை, பற்பசை எதையும் தடவாதீர்கள். காயம் பெரிதானால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கடலை மிட்டாய்: வறுத்துத் தோல் நீக்கிய கடலை 200 கிராம், வெல்லம் 150 கிராம், தண்ணீர் கால் டம்ளர். வெல்லத்தை நீரில் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, அடி கனத்த சட்டியில் காய்ச்சுங்கள். நுரைத்துப் பொங்கிப் பிறகு அடங்கும். பாகு கனத்து, பளபளக்கும். தீயைக் குறைத்து, நீரில் விட்டுச் சோதியுங்கள். ‘ணங்’ ஓசை வந்ததும் அணைத்து, கடலையைக் கொட்டி விரைவாகக் கலந்து, நெய் தடவிய தட்டில் பரப்புங்கள். நெய் தடவிய பூரிக்கட்டையால் சமப்படுத்தி, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போடுங்கள். ஆறியதும் உடைத்துக்கொள்ளலாம்.

சீனிக்கடலை: வறுத்த கடலை 200 கிராம், சீனி 100 கிராம், தண்ணீர் கால் டம்ளர். சீனியைக் கரைத்து, கம்பிப் பதத்தைத் தாண்டும் சமயம் கடலையைப் போட்டு, நிறுத்தாமல் கிளறுங்கள். சிறிது நேரத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். தெளிவாக இருந்த பாகு கலங்கி, சட்டென்று வெண்மணலாக மாறிக் கடலையில் ஒட்டும். உடனே அணைத்துவிடுங்கள். தொடர்ந்து சூடேற்றினால் அந்த வெண்மை மறுபடி உருகிப் பழுப்பாகும்.

அணிவகுப்பும் ‘ஸ்டாச்சு’வும்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 100 கிராம் நீரில் அறைச் சூட்டில் ஏறத்தாழ 200 கிராம் சீனி கரையும். பாகிலோ அதைவிடப் பன்மடங்கு சீனி நெருக்கடியில் கரைந்திருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் மூலக்கூறுகள் பிரிந்து வரிசையில் சேரத் துடிக்கும்.

பள்ளி மைதானத்தில் ஓடியாடும் மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். காலை வழிபாட்டு மணி அடித்ததும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்கிறார்கள். அதுவே படிகம். சீனிக்கடலையில் இதுதான் நடக்கிறது. நீர் இன்னும் போதிய அளவு இருப்பதால் மூலக்கூறுகள் நகர முடிகிறது. கிளறுவது அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு, படிக வித்துகளை உண்டாக்குகிறது. ஒரு வித்து தோன்றினால் போதும், அதைச் சுற்றி மளமளவென்று படிகங்கள் வளரும். எண்ணற்ற சிறு படிகங்களின் முகங்களில் ஒளி பட்டுச் சிதறுவதால் பூச்சு வெண்மையாகத் தெரிகிறது.

அதே மைதானத்தில் ஒருவர் ‘ஸ்டாச்சு!’ என்று கத்தினால்? ஓடியவர் ஓடிய நிலையில், குனிந்தவர் குனிந்த நிலையில் உறைந்து நிற்பார். வரிசை இல்லை, அசைவும் இல்லை. கடலை மிட்டாயின் பாகு இப்படித்தான். நீர் அற்றுப்போய், ஆற ஆறப் பாகு மிகவும் தடித்துவிடுவதால் மூலக்கூறுகள் வரிசைக்கு ஓட நேரமில்லை. இப்படி ஒழுங்கின்றி உறைந்த திடப்பொருளையே அறிவியலில் கண்ணாடி என்கிறோம். ஜன்னல் கண்ணாடியும் உருக்கிய மணல் இவ்வாறு உறைந்ததுதான். மிட்டாயின் ஓரத்தில் கடலை இல்லாத பாகுத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒளி ஊடுருவும்.

வெல்லத்தின் துணை

கடலை மிட்டாய்க்கு வெல்லம் ஏற்றதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வெள்ளைச் சீனி ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ். வெல்லத்திலோ சுக்ரோஸுடன் குளுக்கோஸும் பிரக்டோஸும் கலந்திருக்கின்றன. இவை சுக்ரோஸின் வரிசையில் இடையே புகுந்து அணிவகுப்பைக் கலைக்கின்றன. பாகு படிகமாகாமல் கண்ணாடியாக உறைய உதவுகின்றன. சீனிப் பாகில் எலுமிச்சைச் சாறு சில துளி விடுவதும் இதற்கே. அமிலம் சுக்ரோஸை அவ்விரண்டாகப் பிளக்கிறது.

நன்மையோடு தொல்லையும் வருகிறது. இச்சர்க்கரைகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேரக் கண்ணாடி குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். ஐப்பசி மழையில் திறந்து வைத்த மிட்டாய் பிசுபிசுப்பது இதனால்தான். ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். கடலையை நன்றாக வறுக்காவிட்டால் உள்ளிருந்தும் ஈரம் வரும் என்பதை மறக்காதீர்கள்.

பழனி அருகே நெய்க்காரப்பட்டி வெல்லச் சந்தைக்குப் பெயர் பெற்றது. தெற்கே கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய பெயர்களுக்குப் பின்னால், அந்தக் கடைசி ஒன்றரைத் தேக்கரண்டி நீரைக் கண்ணாலும் காதாலும் அளக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன.

யோசித்துப் பாருங்கள்

1. குளிர்காலத்தில் கொடைக்கானலில் செய்த மிட்டாய் அங்கே ‘மடக்’கென்று உடைந்தது. அதையே சித்திரை மாதத்தில் வத்தலக்குண்டுக்குக் கொண்டுவந்தால் ஒட்டலாம். ஏன்?

2. நெடுநாள் வைத்திருந்த மிட்டாயின் பாகு சில சமயம் மங்கி, மணல்போல் ஆகிவிடுகிறது. உள்ளே ‘ஸ்டாச்சு’வாக நின்றவர்கள் என்ன செய்தார்கள்?

3. பாகை இறக்கும் நேரத்தை அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று மாற்றி மூன்று சிறு வில்லைகள் செய்யுங்கள். எது வளைந்தது, எது ஒடிந்தது, எது கசந்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்.

நண்பர்களுக்குக் கொடுக்கும் முன், கடலை ஒவ்வாதவர் யாரேனும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். தொண்டையில் சிக்கும் என்பதால் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். மற்றவர்களுடன் பங்கிட்டுத் தின்னுங்கள். தின்னும்போது, பல்லிடையில் உடைவது ஒரு கண்ணாடி என்பதையும் சொல்லுங்கள்!