அரசு பிடிக்கும் அளவுகோல்

சிகரெட்டுக்கு வரி போட விலை மட்டும் தெரிந்தால் போதாது, அளவுகோலும் வேண்டும். 65 மில்லிமீட்டர் வரை ஒரு வரி, அதைத் தாண்டினால் ஒரு படி மேல், 70-ஐத் தாண்டினால் இன்னொரு படி. 2012 பட்ஜெட்டில் ஃபில்டர் சிகரெட்டுக்கும் 65 மி.மீ. வரை தனிப்படி வந்ததும், கடைகளுக்கு 64 மி.மீ. சிகரெட் வந்து சேர்ந்தது. அளவுகோல் அரசிடம் மட்டுமா இருக்கிறது!

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது 28 விழுக்காடு வரியோடு இழப்பீட்டு செஸ் ஒன்றும் சேர்ந்தது. அது புகைப்பவரின் நுரையீரலை நினைத்துப் போட்டதல்ல. ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு விழும் துண்டை ஐந்தாண்டுகளுக்கு ஈடுகட்டவே அந்தப் பணம். இடையில் கொரோனா வந்தது. வசூல் படுத்தது. மாநிலங்களுக்காக மத்திய அரசு இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2.69 லட்சம் கோடி ரூபாய் கடன் வாங்கியது. அதை அடைக்க செஸ்ஸின் ஆயுள் நீண்டது. பெட்டிக்கடையில் பற்றவைத்தவர் மாநிலங்களின் கடன் தவணையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கடன் அடைபட்டால் செஸ் போக வேண்டும். போனால் சிகரெட் மலிந்துவிடும். அதனால் 2026 பிப்ரவரி 1 முதல் ஜிஎஸ்டி 40 விழுக்காடு. அதுவரை பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்த கலால் வரி, ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரை ஏறியது. செஸ் முழுக்க மாநிலங்களுக்காக வசூலானது. கலாலில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் பங்கு 41 விழுக்காடுதான்.

பீடியின் கதை வேறு. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் சிகரெட் பிடிப்போர் 4 விழுக்காடு, பீடி பிடிப்போர் 7.7 விழுக்காடு. ஆனாலும் பீடிக்கு வரி 28-லிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. புகையிலை நோய்களால் 2017-18-இல் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 1.77 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டவர்கள், கலாலாக வரும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 816 ரூபாய் கைவிட்டுப் போவதாகக் கணக்குச் சொன்னார்கள். அதில் பீடிப் புகைக்கும் பங்குண்டு.

பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பைக் காட்டித்தான் இந்தச் சலுகை எப்போதும் கேட்கப்படுகிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறுக்க மாட்டார்கள். ஆனால் வரி குறைந்தால் கூலி கூடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர்களின் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்றே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பீடிமீது ஒரு நல செஸ் வசூலானது. ஜிஎஸ்டி வந்தபோது நீங்கியவற்றில் அதுவும் ஒன்று.