ஒன்றைப் பலவாக எண்ணிய நுண்ணோக்கி

வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுநோய்ச் செல்லையும் தொட்டுப் பார்த்து அடையாளம் காண்பவை, நம் ரத்தத்தில் சுற்றும் டி செல்கள். அதற்காகவே ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் பல்லாயிரம் ஏற்பிகள் பதிந்திருக்கின்றன. எதிரியைச் சந்திக்கும் முன்பே இந்த ஏற்பிகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கின்றனவா, தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றனவா? கொத்தாகத்தான் என்றார்கள் 2010இல் ஸ்டான்ஃபோர்டின் மார்க் டேவிஸ் குழுவினர். தனித்தனியாகத்தான் என்றார்கள் 2018இல் வியன்னாவின் கெர்ஹார்ட் ஷூட்ஸ் குழுவினர். இரண்டு முடிவுகளும் வெளிவந்தது 'நேச்சர் இம்யூனாலஜி' என்ற ஒரே ஆய்விதழில்.

கேள்வி சின்னதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு டி செல்லின் வேலையை நினைத்துப் பாருங்கள். எதிரே நிற்கும் செல்லின் மேல் நம் உடலுக்கே சொந்தமான புரதத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்நியத் துணுக்கு நாலைந்துதான் இருக்கும். ஒன்றே ஒன்று இருந்தாலும் டி செல் சலனம் காட்டுகிறது, பத்து இருந்தால் முழுதாகவே விழித்துக்கொள்கிறது என்று 2002இல் இதே டேவிஸின் ஆய்வகம் காட்டியது. இத்தனை கூர்மை எங்கிருந்து வருகிறது? ஏற்பிகள் கூட்டாக இயங்கினால் ஒரு விளக்கம். தனித்து இயங்கினால் வேறு விளக்கம்.

கண்ணால் பார்த்துத் தீர்த்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு பொருள்களைப் பிரித்துக் காண முடியாது என்று ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே கணக்குப் போட்டுவிட்டார். அது சுமார் 200 நானோமீட்டர். ஏற்பியின் அளவோ 10 நானோமீட்டர் அளவில்தான். சாதாரண நுண்ணோக்கியில் நெருக்கமாக உள்ள ஏற்பிகள் எல்லாம் ஒரே மங்கல் திட்டாகத்தான் தெரியும்.

2006இல் எரிக் பெட்ஸிக்கும் ஹரால்ட் ஹெஸ்ஸும் இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வேலையில்லாமல் இருந்த அந்த இருவரும் முதல் கருவியைப் பூட்டியது ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில். பார்க்க வேண்டிய புரதத்தில் ஒட்டவைத்த ஒளிரும் மூலக்கூறுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒளிரவிடாமல், ஒரு தடவைக்குச் சிலவற்றை மட்டும் ஒளிரவிட்டார்கள். தனியாக ஒளிரும் மூலக்கூறும் மங்கல் திட்டாகத்தான் விழும். ஆனால் அந்தத் திட்டின் நடுப்புள்ளியை 20 நானோமீட்டர் துல்லியத்தில் கணக்கிட்டுவிடலாம். இப்படி ஆயிரக்கணக்கான முறை எடுத்து, நடுப்புள்ளிகளை ஒரே வரைபடத்தில் குறித்தால் படம் தயார். அதே ஆண்டு ஹார்வர்டில் ஷியாவ்வேய் ஜுவாங் வேறு சாயங்களைக் கொண்டு இதையே செய்தார். 2014இன் வேதியியல் நோபல் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் போனது. ஜுவாங்கின் பெயர் அதில் இல்லாதது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

ஆக, இந்த நுண்ணோக்கி நமக்குத் தருவது புள்ளிகளின் பட்டியல். அதைத்தான் படமாக அச்சிட்டுப் பார்க்கிறோம். பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை பதிவானால்?

அதுதான் நடந்தது. ஒளிரும் மூலக்கூறுகள் ஒருமுறை எரிந்து அணைந்துவிடுவதில்லை. அணைந்து, சற்றுப் பொறுத்து, மறுபடி மினுக்குகின்றன. இருட்டில் ஒரு வேலியோரம் ஏழு மினுக்கல் தெரிந்தால், அது ஏழு மின்மினியா, ஒரே மின்மினி ஏழு தடவை மினுக்கியதா என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு மினுக்கலின் நடுப்புள்ளியும் கணக்கில் சில நானோமீட்டர் தள்ளித்தான் விழும். விளைவு, ஒற்றை ஏற்பி ஒரு கொத்துபோலத் தெரியும்.

இதைப் பிரித்தறிய வியன்னா குழு எடுத்த வழி எளிமையானது. ஏற்பிகளில் ஒட்டும் இந்த ஒளிரும் அடையாளத்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பது. உண்மையிலேயே ஏற்பிகள் குவிந்திருந்தால், அடையாளம் கூடக்கூட ஒவ்வொரு கொத்துக்குள்ளும் புள்ளிகள் அடர்ந்துகொண்டே போக வேண்டும். மினுக்கல் செய்த மாயம் என்றால் கொத்துகளின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றின் அடர்த்தி அப்படியே இருக்கும். ஓய்வில் உள்ள டி செல்லின் ஏற்பிகள் இரண்டாவது வகையில்தான் நடந்துகொண்டன.

அதே 2018இல், அதே இதழில், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இன்னொரு குட்டு வெளிப்பட்டது. செல் நகராமல் இருந்தால்தான் இந்தப் படம் எடுக்க முடியும். அதற்காகக் கண்ணாடியில் பாலி-லைசின் என்ற பசையைப் பூசுவது ஆய்வகங்களின் நெடுநாள் வழக்கம். அந்தப் பசையில் ஒட்டியதுமே டி செல்கள், எதிரி எவரும் இல்லாமலே, உள்ளே கால்சியம் ஏறி விழித்துக்கொள்கின்றன என்று சைமன் டேவிஸ் உள்ளிட்டோர் காட்டினார்கள். 'தூங்கும் செல்' என்று தலைப்பிட்டு வந்த படங்களில் எத்தனை உண்மையில் தூங்கின?

இதனால் கொத்துக் கட்சி முற்றிலும் தோற்றுவிட்டது என்று எழுதிவிட முடியாது. டி செல்லின் மேற்பரப்பு வழவழப்பானதும் அல்ல, நுண்விரல்கள் அடர்ந்தது. ஏற்பிகள் அந்த விரல் நுனிகளில்தான் கூடுகின்றன என்று 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கிலாட் ஹரான் குழு கண்டது. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு நுனியும் ஒரு கொத்துதான். வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

எண்ணிக்கையில் இத்தனை கவனம் வேண்டுமா என்று கேட்பவர்கள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கைப் பார்க்கலாம். சிடி19 என்ற மேற்பரப்புப் புரதத்தைக் குறிவைத்துத் தாக்கும்படி ஆய்வகத்தில் மாற்றப்பட்ட டி செல்கள் சில ரத்தப் புற்றுநோய்களுக்கு மருந்தாகிவிட்டன. மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயின் செல்களில் சிடி19 பெரும்பாலும் இல்லை என்பதே வழக்கமான பரிசோதனையின் தீர்ப்பு. ஆனாலும் இந்தச் சிகிச்சை சில மைலோமா நோயாளிகளுக்குப் பலன் தந்திருந்தது. 2019இல் வூர்ட்ஸ்பர்க் குழு 14 நோயாளிகளின் செல்களை இந்த வகை நுண்ணோக்கியில் பார்த்தது. 10 பேரிடம், அவர்களின் புற்றுநோய்ச் செல்களில் ஒரு பகுதியிலாவது, சிடி19 இருந்தது. வழக்கமான பரிசோதனை அந்தப் பத்தில் இருவரிடம்தான் கண்டுபிடித்திருந்தது. ஒரு செல்லில் நூறுக்கும் குறைவான மூலக்கூறுகள் இருந்தால்கூட, ஆய்வகக் குடுவையில் மாற்றப்பட்ட டி செல்கள் அதைத் தேடிப் பிடித்து அழித்தன. வழக்கமான பரிசோதனைக் கருவி நொடிக்கு ஆயிரக்கணக்கான செல்களை அலசித் தள்ளும். இந்த நுண்ணோக்கியோ ஒவ்வொரு செல்லாகத்தான் உட்கார்ந்து எண்ணுகிறது. நோயாளிகளின் வரிசைக்கு ஈடுகொடுக்க அந்த வேகம் போதாது.