காத்திருத்தலின் எல்லை: லினக்ஸ் சேவையகத்தில் வட்டுக் கட்டளைக் காலவரம்பு

பணிசெயல் முறைமைக்கும் சேமிப்புச் சாதனத்துக்குமிடையிலான உறவு கட்டளையும் மறுமொழியுமாகவே நிகழ்கின்றது. மறுமொழி வராதவிடத்து எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வினாவுக்குரிய விடையே கட்டளைக் காலவரம்பாகும். சிறியதோர் எண்ணாகத் தோன்றும் இதனைச் சரிவர விளங்கிக்கொள்ளாமையால் பெருந்தொகையான தரவுகள் இழக்கப்படுவதுண்டு. ஆதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

லினக்ஸில் ஸ்கஸி அடுக்கினூடாக இயங்கும் வட்டுக்களுக்கு, சாட்டா வட்டுக்கள் உட்பட, வழமையான காலவரம்பு 30 செக்கன்களாகும். அது கடந்ததும் கேர்னல் அக்கட்டளையைக் கைவிட்டு, சாதனத்தையும் இணைப்பையும் படிப்படியாக மீளமைக்க முயலும். அம்முயற்சிகள் பலிக்காவிடின் வட்டையே சேவையினின்றும் விலக்கிவிடும்.

முரண்பாடு தோன்றுவது இங்கேதான். தனியாள் கணனிக்கென ஆக்கப்பட்ட வட்டு, படிக்கவியலாத துண்டமொன்றை எதிர்கொள்ளும்போது, வேறு பிரதி இல்லை என்ற எடுகோளிலிருந்து செயற்படுகின்றது. எனவே அதனை மீட்க ஒரு நிமிடத்துக்கு மேலாகவும் முயல்வதுண்டு. ரெயிட் அணியின் தேவையோ இதற்கு நேர்மாறானது. வட்டு தன் தோல்வியை விரைந்து அறிவிப்பின், அணி ஏனைய வட்டுக்களைக் கொண்டு அத்துண்டத்தை மீளக் கணித்து எழுதிவிடும். ஆனால் அவ்வறிவிப்பு வருமுன்னரே 30 செக்கன்கள் கழிந்துவிடுகின்றன. மீட்பில் ஆழ்ந்துள்ள வட்டு மீளமைப்புக்கும் மறுமொழி தராதிருக்கலாம். ஒரு துண்டத்தின் குறைக்காக முழு வட்டுமே வெளியேற்றப்படுகின்றது. ரெயிட் 5 அணியில் இரண்டாவது வட்டும் அவ்வாறு விலக்கப்படின் அணி இயங்காது நின்றுவிடும்.

இதற்குப் பரிகாரம் இருவகைப்படும். வழுமீட்பு நேரத்தைக் கட்டுப்படுத்தும் வசதி வட்டில் இருப்பின், ஸ்மார்ட்மொன்ரூல்ஸ் மென்பொருளின் துணையுடன் அதனை 7 செக்கன்களாக வரையறுத்தல் முதலாவது. செக்கனின் பத்திலொரு பங்கே அங்கு அலகாதலின் 70 என வழங்குதல் வேண்டும். அவ்வசதி இல்லாதவிடத்துக் கேர்னலின் காலவரம்பை 180 செக்கன்களாக உயர்த்துதல் இரண்டாவது. சிஸ்எவ்எஸ் கோப்புமுறைமையில், ஒவ்வொரு வட்டின் சாதனக் கோப்புறையிலும் உள்ள ‘டைம்அவுட்’ என்னும் கோப்பில் அவ்வெண்ணை எழுதினாற் போதுமானது. எனினும் மறுதொடக்கத்துடன் இது அற்றுப்போகும். வட்டின் அமைப்பும் மின் நின்றதும் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆதலின் இரண்டையும் யூடெவ் விதியிலோ தொடக்க நிரலிலோ பதிந்துவைத்தல் வேண்டும்.

காலவரம்பை உயர்த்துவதே எப்போதும் நன்று என நாம் கொள்ளலாகாது. உண்மையிலேயே செயலிழந்த வட்டுக்காகச் சேவைகள் யாவும் சில நிமிடங்கள் உறைந்து நிற்க நேரிடும். வட்டின் பொறுமை கேர்னலின் பொறுமையிலும் குறுகியதாக இருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு அடிப்படை விதியாகும்.