உறுமினால் சிரிக்காதீர்கள்

2003-இல் வந்த ஹட்ச் விளம்பரம் பலருக்கும் நினைவிருக்கும். ஒரு சிறுவன் எங்கே போனாலும் பின்னாலேயே போகும் சப்பை மூக்கு நாய். இனத்தின் பெயர் பக். நம் ஊரிலோ அது ‘ஹட்ச் நாய்’ ஆயிற்று. நிறுவனம் கைமாறியதும் ‘வோடஃபோன் நாய்’ ஆயிற்று. விளம்பரத்துக்குப் பிறகு பக் குட்டிகளுக்கு ஏகக் கிராக்கி. குட்டியோடு ஒரு நம்பிக்கையும் வீடுகளுக்குள் நுழைந்தது: சின்ன நாய்தானே, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் தோது.

ஏற்பாடுகள் ஒழுங்காக இருந்தால் தோதுதான். ஆனால் ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்று நம்மை நினைக்க வைப்பதும் அந்தச் சின்ன உருவமே.

ஓர் அல்சேஷன் உறுமினால் வீடே எழுந்து நிற்கும். அதே உறுமல் மூன்று கிலோ பொமரேனியனிடமிருந்து வந்தால், “பாரேன், ஐயாவுக்கு வர்ற கோபத்தை!” என்று கைப்பேசியை எடுத்து வீடியோ பிடிக்கிறோம். இரண்டு நாய்களும் சொன்னது ஒன்றேதான்: கிட்டே வராதே. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்போரிடம் கேட்டுத் தொகுத்து 2008-இல் வெளியிட்ட இன ஒப்பீட்டில், மனிதர்களிடம் சீறுவதிலும் கடிக்கப் பாய்வதிலும் முன்வரிசையில் நின்றவை டாஷ்ஹண்டும் சிவாவாவும். ராட்வைலர் அந்த வரிசையில் இல்லை. இதைச் சின்ன நாய்களின் பிறவிக்குணம் என்று முடிவுகட்டுவதற்கு முன், இரண்டு ஆண்டு கழித்து வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வையும் பார்க்க வேண்டும். சின்ன நாய் வளர்ப்போர் அதைப் பழக்குவதும் அதனோடு விளையாடுவதும் குறைவு. இன்று விட்டதை நாளை அதட்டுவது அதிகம். நாயும் சொல்பேச்சுக் கேட்காமல் எளிதில் கிளர்ந்துபோகிறது. அது எத்தனை தடவை ‘வேண்டாம்’ என்று சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை என்றால், அடுத்து அதனிடம் மிஞ்சியிருப்பது பல்தான்.

நம் வீடுகளில் எந்தெந்தச் சின்ன நாய்கள் இருக்கின்றன? பொமரேனியன், பக், ஷிட்சு, டாஷ்ஹண்ட், அங்கங்கே லாசா ஆப்சோ, சிவாவா. இதில் பொமரேனியன் என்று நாம் அழைக்கும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் ஒன்றரை முதல் மூன்றேகால் கிலோதான் இருக்கும். நம் ஸ்பிட்ஸ் அதைவிடக் கனம், நம் வெயிலுக்கும் ஓரளவு பழகியது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்த நான்கைந்து கிலோ வித்தியாசம் சாதாரணமல்ல. என்னைக் கேட்டால், ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டில் ‘டீகப்’ என்று விலை ஏற்றி விற்கப்படும் கையகல நாய்களை வாங்கவே கூடாது.

காரணம், அபாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. நாய் குழந்தையைக் கடிக்குமோ என்று எல்லோரும் கேட்கிறார்கள். குழந்தையால் நாய்க்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. கால்நடை மருத்துவமனையில் கேட்டால், சின்ன நாய்களின் முன்னங்கால் முறிவைப் பற்றி நிறையச் சொல்வார்கள். சோபாவிலிருந்து குதித்தது, குழந்தை தூக்கிக்கொண்டு நடக்கும்போது நழுவியது: இந்த உயரமே போதும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்னங்காலின் இரண்டு மெல்லிய எலும்புகளும் சேர்ந்து முறியும். சின்ன இனங்களுக்கு அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு. அதனால் எலும்பு கூடுவதற்கு நாளாகும், சிலவற்றுக்குக் கூடாமலே போகும். மாவுக்கட்டு மட்டும் பெரும்பாலும் போதாது; தகடு வைத்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிவரும். ஆகவே பிள்ளைகளுக்கான முதல் சட்டம்: நாயைத் தூக்காதே. தரையில் சப்பணம் போட்டு உட்கார், அதற்கு விருப்பம் இருந்தால் மடிக்கு வரும்.

டாஷ்ஹண்டுக்குக் கால் குட்டை, முதுகு நீளம். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் இந்த இனத்தில் இளவயதிலேயே இறுகிவிடும். ஒருநாள் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால்கள் விழுந்துவிடும். குழந்தைகள் நாயைத் தூக்கும் முறை நமக்குத் தெரிந்ததே. இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுப்பார்கள், பின்பாதி தொங்கும். டாஷ்ஹண்டை அப்படித் தொங்கவிடவே கூடாது. பெரியவர்கள் தூக்கும்போதும் ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில் இருக்க வேண்டும்.

பக்குக்கும் ஷிட்சுவுக்கும் வேறு விதமான தொல்லை. முகம் சப்பையானதால் கண்குழிக்கு ஆழமில்லை. பிடரித்தோலைப் பிடித்து இழுத்தாலோ தலையில் அடிபட்டாலோ விழி குழியை விட்டு வெளியே பிதுங்கி வந்துவிடும். படிக்கவே சங்கடமாக இருக்கும், ஆனால் நடப்பதுதான். உடனே ஈரத்துணியால் மூடி மருத்துவரிடம் ஓடினால் சில சமயம் பார்வை தப்பும். கழுத்தைக் கட்டிப்பிடித்து விளையாடும் பிள்ளைக்கு இதைப் பயமுறுத்தாமல் சொல்லித்தர வேண்டும். இந்த இனங்களுக்கு மூச்சும் சிரமம். நாய் தன் சூட்டைத் தணிப்பது நம்மைப்போல் வியர்த்து அல்ல, மூச்சிரைத்து. மூக்கு குறுகி, தொண்டையில் சதை நெருக்கியிருக்கும் நாய்க்கு அந்த வழி பாதி அடைபட்டுக் கிடக்கிறது. சித்திரை மாதத்து மத்தியானத்தில் மொட்டைமாடியில் பந்து போட்டு விளையாடினால் பிள்ளை களைத்து நிறுத்துவதற்குள் பக் மயங்கி விழுந்துவிடும்.

பொமரேனியனுக்கு மூச்சுக்குழல் வளையங்கள் தளர்வது வழக்கம். வாத்து கத்துவதுபோல் இருமும். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி அதைப் பிள்ளை கையில் கொடுத்தால் ஒவ்வொரு இழுப்பும் அந்த இடத்தில்தான் விழும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இனி கடி. குழந்தைகளைக் கடிக்கும் நாய் பெரும்பாலும் தெருவிலிருந்து வருவதில்லை என்று பல நாடுகளின் மருத்துவமனைப் பதிவுகள் காட்டியிருக்கின்றன. சொந்த வீட்டு நாய், அல்லது தெரிந்தவர் வீட்டு நாய். நம் நாட்டில் தெருநாய்க் கணக்கு தனி. ஆனால் வீட்டுக்குள் நடப்பது இங்கேயும் அதே மாதிரிதான்: நாய் தின்றுகொண்டிருந்தது, குழந்தை கிட்டப் போனது, நாய் கட்டிலுக்கடியில் தூங்கியது, குழந்தை வாலைப் பிடித்தது. பெரியவர்களுக்குக் கடி கையிலோ காலிலோ விழும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழும். உயரம் அப்படி, தவிர, குழந்தை எதையும் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் பார்க்கும். அந்த நேரத்தில் மூன்று கிலோ நாயின் பல்லும் பல்தான். கண் இமையில் பட்டால் நாயின் எடை கணக்கில் வராது.

நாய் திடீரென்று கடித்துவிட்டது என்பார்கள். அநேகமாக அப்படி நடப்பதில்லை. கடிக்கு முன்னால் ஒரு நீண்ட உரையாடலை நாய் தனியாக நடத்தி முடித்திருக்கும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். சாப்பாடு இல்லாதபோது மூக்கை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும். விழியின் வெள்ளை பிறைபோல் தெரியும். எழுந்து போய்விடும். போக வழியில்லை என்றால் காதைப் பின்னுக்குத் தள்ளி உடம்பைக் குறுக்கும், அப்புறம் அசையாமல் விறைத்து நிற்கும். உறுமல் அதற்குப் பிறகுதான். கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இந்த வரிசையை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கடி அதன் கடைசிப் படி. வாலாட்டுவதை மட்டும் நம்பக்கூடாது. பரபரப்பிலும் வால் ஆடும்.

இங்கே ஒரு சிக்கல். இந்த மொழி குழந்தைக்குப் பிடிபடாது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் குழுவினர் சின்னப் பிள்ளைகளுக்கு நாய் முகங்களைக் காட்டிச் சோதித்தார்கள். பல்லைக் காட்டிச் சீறும் நாயைப் பார்த்து, அது சிரிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்று பல பிள்ளைகள் சொன்னார்கள். நாய் கடைசி எச்சரிக்கை கொடுக்கும்போது குழந்தை முத்தம் கொடுக்கக் குனிகிறது. எனவே நாயைப் படிக்கும் பொறுப்பைக் குழந்தையின் தலையில் கட்ட முடியாது. பக்கத்தில் ஒரு பெரியவர், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, இருக்கத்தான் வேண்டும். அவர் அடுப்பைப் பார்க்க எழுந்தால் நாயோ குழந்தையோ ஒன்று அவரோடு போக வேண்டும்.

உறுமிய நாயை அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதைப்போல ஆபத்தான வைத்தியம் இல்லை. அடி வாங்கிய நாய் கோபத்தை விடாது, உறுமுவதை விடும். அடுத்த முறை ஏணியில் அந்தப் படியைத் தாண்டி நேரே கடிக்கு வரும். உறுமினால் செய்ய வேண்டியது குழந்தையை அமைதியாக நகர்த்துவது. எதற்கு உறுமியது என்று பிறகு யோசிப்பது. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் தொட்டதும் உறுமினால் காதிலோ பல்லிலோ முதுகிலோ வலி இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாய்க்கென்று பிள்ளை எட்டாத ஓர் இடம் வேண்டும். தனி அறை வேண்டும் என்றில்லை. இரண்டு அறை வீட்டில்கூட ஒரு மூலையில் கதவு திறந்த கூண்டு, உள்ளே பழைய போர்வை போதும். அங்கே நாய் போய்விட்டால் யாரும் தொடக்கூடாது, விருந்தாளிகளும்தான். சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே. ‘பழகட்டும்’ என்று நாய் தின்னும்போது தட்டில் கைவிட்டுப் பார்க்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அது கற்றுக்கொடுப்பது பொறுமையை அல்ல, தட்டைக் காக்கும் பதற்றத்தை. குழந்தை தவழத் தொடங்கும் எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதுவரை ஓரிடத்தில் கிடந்த ஒன்று சட்டென்று நாயின் உயரத்தில் நாயை நோக்கி வருகிறது; நாய்க்கு அது புது ஜந்து. தீபாவளி இரவும் அப்படித்தான். வெடிச் சத்தத்தில் நடுங்கி ஒளிந்திருக்கும் நாயைச் சமாதானப்படுத்தப் பிள்ளையை அனுப்பக் கூடாது.

நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒன்று சொல்லித்தரலாம். நாயைக் கூப்பிடு, வந்தால் தோளிலோ மார்பிலோ மூன்று எண்ணும்வரை தடவு, கையை எடு. நாய் மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால் விட்டுவிடலாம். பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள், பெரியவர்களைவிடக் கறாராகவும் விளையாடுகிறார்கள்.

குட்டி வாங்குகிறவர்கள் வயதைக் கேளுங்கள். முப்பது நாள் குட்டியைக் கொடுத்துவிட்டு “இப்பவே எடுத்தாத்தான் ஒட்டிக்கும்” என்று சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்தினால் எதிராளி வீறிடும் என்று குட்டிக்குத் தெரியவருகிறது. அந்தப் பாடம் படிக்காமல் வரும் குட்டி அதை உங்கள் பிள்ளையின் விரலில் படிக்கும்.

சமையலறை விஷயம் சுருக்கமாக. சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் எல்லாமே நாய்க்கு நஞ்சு; உடம்பு சின்னதாக இருப்பதால் கொஞ்சமே போதும். பாயசத்து உலர்திராட்சையைப் பிள்ளை அன்போடு பொறுக்கி ஊட்டும் வீடுகளில் இதைச் சொல்லிவைக்க வேண்டும். பிள்ளைக்கு வாங்கிய காய்ச்சல் சிரப்பையும் நாய்க்கு ஊற்றக் கூடாது. அதில் ஐபுப்ரோஃபென் இருந்தால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகச் சேதமும் வரும்.

குட்டிகள் பெரும்பாலும் தாய் வயிற்றிலேயே உருண்டைப்புழுவைப் பெற்றுவிடுகின்றன. அதன் முட்டைகள் கழிவோடு வெளியேறி, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பின்னரே தொற்றும் திறனைப் பெறும். மண்ணைத் தின்னும் குழந்தைக்குள் போனால் குடற்சுவரைத் துளைத்து ஈரலுக்கும், அரிதாகக் கண்ணுக்கும் போகும். புதிதாகப் போட்ட கழிவை அன்றன்றே அள்ளிவிட்டால் முட்டைக்கு அந்த அவகாசமே கிடைக்காது. குட்டிக்குப் புழுமருந்தும் தவறக்கூடாது.

கடைசியாக ரேபிஸ். வீட்டை விட்டு வெளியே போகாத நாய்தானே என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும். ஊசி போட்ட நாயே கடித்தாலும், லேசான கீறலே என்றாலும், ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் சில தாத்தா பாட்டிகளிடம் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் நின்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். இரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். பத்து நாள் நாய் நலமாக இருக்கிறதா என்று கவனிக்கச் சொல்வார்கள். அதற்காக முதல் ஊசியைப் பத்து நாள் தள்ளிப்போடக் கூடாது.

இதற்கெல்லாம் கடி பட்டது நமக்குத் தெரிய வேண்டும். வாலை இழுத்ததற்குத் திட்டு விழும், அல்லது நாயைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் கீறலைச் சட்டைக்கடியில் மறைப்பதுண்டு. குட்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: பல் பட்டாலும் நகம் பட்டாலும் உடனே வந்து சொல், உனக்கும் அடி கிடையாது, அதற்கும் அடி கிடையாது.