மலைக்குப் போகும் மகளுக்கு ஒரு பல்கலைக்கழகம்

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் புகையிரதப் பாதையில் வட்டவளைக்கும் அட்டனுக்கும் நடுவே றொசல்ல என்ற சிறிய நிலையம் இருக்கிறது. அங்கு இறங்கித் தேயிலைக்குள்ளால் செல்லும் ஒற்றையடிப் பாதையில் ஏறினால் லயங்கள் தொடங்கும். அண்மையில் ஒரு மாலை நேரம் அப்படி ஒரு லயத்தில், 10 அடிக்கு 12 அடி காம்பிரா ஒன்றில் அமர்ந்திருந்தோம். அந்த வீட்டு மூத்த மகள் உயர்தரம் சித்தியடைந்தவள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய இசட் புள்ளி சற்றே குறைந்துவிட்டது. இப்போது தாயோடு கொழுந்தெடுக்கப் போகிறாள்.

மேலே படிக்க வேறு வழிகளும் உண்டென்று நாம் பேச்சைத் தொடங்கியபோது தாய் இடைமறித்தார்: "பாதர், இவ படிக்கப் போயிட்டா இவ பேருக்கு யாரு மலைக்குப் போறது? பின்னால ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்களே."

எம்மிடம் உடனே பதில் இருக்கவில்லை. பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். படிக்கிற காலத்தில் அடுப்பு எப்படி எரியும் என்பதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

வன்னியில் இருந்து இதழை வாசிக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. உங்களில் பல குடும்பங்கள் 1977, 1983 வன்செயல்களின்போது மலையைவிட்டு இறங்கி, வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் கமம் செய்தவை. பின்னர் யுத்தத்தில் அந்த நிலத்தையும் விட்டு ஓடியவை. ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலில் நின்றுபோனது மூத்த மகளின் படிப்புத்தான்.

இதே கேள்விக்கு வங்காளதேசத்தில் ஒரு விடை தேடியிருக்கிறார்கள். சிட்டகொங் நகரில் 2008ஆம் ஆண்டு ஆசிய மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இலங்கை உட்படப் பல ஆசிய நாடுகளின் பெண்கள் அங்கே படிக்கிறார்கள். வசதியற்ற பெரும்பாலானோருக்குப் புலமைப்பரிசில் உண்டு. மதிப்பெண்ணோடு சேர்த்துத் துணிவு, அநீதியைக் கண்டு பொறுக்காத மனம், பிறர்மேல் பரிவு ஆகியவற்றையும் தெரிவின்போது பார்க்கிறார்கள். நாமறிந்த எந்தப் பரீட்சைத் தாளிலும் இவற்றுக்குப் புள்ளி இல்லை.

2016இல் அப்பல்கலைக்கழகம் இன்னொரு படி முன்னே வைத்தது. ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் பெண்கள், ரோஹிங்கியா அகதிப் பெண்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் ஆகியோருக்கென்றே ஒரு வழியைத் திறந்தது. நேரே பட்டப்படிப்பில் விட்டுவிட்டுத் தவிக்க வைப்பதில்லை. முதலில் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் தயார்ப்படுத்தல் காலம், அதன்பிறகே பட்டப்படிப்பு. எம்மைக் கவர்ந்தது இன்னொரு விடயம். தம்மிடம் வேலை செய்த பெண்கள் படிக்கும் காலத்திலும் அவர்களது மாதச் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்கச் சில ஆடைத் தொழிற்சாலைகள் இசைந்தன. றொசல்லத் தாயின் கேள்விக்கு அங்கே காசாகவே பதில் கொடுத்திருக்கிறார்கள்! அப்படிச் சம்பளம் கொடுத்த தொழிலதிபர்களுள் ஒருவரான ரூபானா ஹக் பின்னர், 2022இல், அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

வங்காளதேசத்துத் தேயிலைத் தோட்டங்களின் கதை எமது கதைக்குச் சகோதரி. பீகார், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து வெள்ளையர் கொண்டுவந்து குடியேற்றியவர்களின் சந்ததியினரே சில்ஹெட் பகுதியில் கொழுந்தெடுக்கிறார்கள். அவர்களது நாட்கூலி 120 டாக்காவாக இருந்தது. 2022 ஓகஸ்டில் பெரும் வேலைநிறுத்தம் செய்துதான் அதனை 170 ஆக்கினார்கள். அந்த லயங்களிலிருந்து ஒரு பெண் பட்டதாரியாகத் திரும்புவதன் பெறுமதியை நாம் விளக்கத் தேவையில்லை.

இடம்பெயர்ந்தவர்களின் வேதனையும் அப்பல்கலைக்கழகத்துக்குத் தெரியும். 2021 ஓகஸ்டில் காபூல் நகரம் வீழ்ந்தபோது அதன் ஆப்கானிய மாணவியரும் பழைய மாணவியருமாக 148 பேர் அங்கே அகப்பட்டுக்கொண்டனர். விமான நிலைய வாசல்வரை பேருந்துகளில் சென்று திரும்பி, மறுபடியும் முயன்று, கடைசியில் வெளியேறினார்கள். பயணத்தை ஒழுங்கு செய்வதில் அந்த மாணவியரே முன்னின்றார்கள். தலைமைத்துவப் பயிற்சி என்று நாம் எழுதுகோலும் கடதாசியும் கொடுத்து நடத்தும் ஒருநாள் கருத்தரங்குகளை நினைத்துப் பார்த்தோம்.

எமது மலையிலும் விதை இல்லாமலில்லை. கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்; கங்காணியும் தோட்டத் தலைவரும் பெரும்பாலும் ஆண்கள். மாதர் சங்கத் தலைவி என்றொரு பதவி உண்டு, ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அவருக்குக் கதிரை கிடைப்பது அருமை. (எமது கூட்டங்களிலும் ஆண்கள் கதிரையில், பெண்கள் பின்னால் பாயில் என்றே பல வருடங்கள் நடந்தது. அதனை ஒப்புக்கொள்ள வேண்டும்.) தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்ததே 1984இல்தான். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடஒதுக்கீடு முதன்முதலாக 2018 பெப்ரவரித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அச்சபைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்ற ஆசிரியைகள் இன்று தோட்டப் பாடசாலைகளில் நிற்கிறார்கள்.

இவர்களுள் எவரும் தனியே வரவில்லை. முன்னே போன ஓர் அக்கா விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுத்திருப்பார். விடுதியில் முதல் மாதம் அழுதபோது பக்கத்தில் இருந்திருப்பார். வழிகாட்டல் திட்டம் என்று பல்கலைக்கழகங்கள் பெயரிடுவது அந்த அக்காவைத்தான். அக்கா இல்லாத வீட்டுக்கு ஓர் அக்காவை ஏற்பாடு செய்வதே அதன் வேலை.

உங்கள் வீட்டிலும் படித்த மகள் இருந்தால் இப்போதே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஓட்டத்தில் அது தொலைந்திருந்தால், பிள்ளை பிறந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிக் கிராம சேவகரிடம் விசாரியுங்கள். பரீட்சைப் பெறுபேறுகளின் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்தில் பெறலாம். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

றொசல்ல மகள் இப்போது சனிக்கிழமைகளில் அட்டனுக்கு ஆங்கில வகுப்புக்குப் போகிறாள். அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். மிச்ச அரைப்பேருக்கான காசை, அதே தோட்டத்தில் பிறந்து இன்று ஆசிரியையாக இருக்கும் ஒருவர் மாதந்தோறும் தாயின் கையில் கொடுத்து வருகிறார்.