காங்கேயத்தைச் சுற்றி ஒரு நாள்: நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில யோசனைகள்

"எங்கேனும் போய் வரலாமா, டாக்டர்?" பரிசோதனை முடிந்து எழும்போது பலரும் கேட்கும் கேள்வி இது. தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு பதிலை முடித்துக்கொள்ளக் கூடாது என்பதை நாங்கள் தாமதமாகவே கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை வெயிலில் நேர்த்திக்கடன் செலுத்தித் திரும்பிய அம்மையார் ஒருவரின் இரு பாதங்களிலும் பெரும் கொப்புளங்கள் இருந்தன. உச்சிவேளையில் கோயில் கற்றளத்தில் வலம் வந்தபோது சூடு தெரியவேயில்லை என்றார். நீண்டநாள் நீரிழிவால் அவரது பாத நரம்புகள் மரத்திருந்தன. புண் ஆற மூன்று மாதங்களாயின. உணவையும் மாத்திரையையும் பற்றி விரிவாகப் பேசிய நாங்கள், கோயிலில் செருப்பைக் கழற்றியபின் என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அக்குறையை ஈடுசெய்யவே இக்கட்டுரை.

முதலில் சிவன்மலை. சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் படிவழியும் உண்டு. வாகனம் செல்லும் மலைப்பாதையும் உண்டு. கால் மரத்தவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மலைப்பாதையையே கொள்க. பக்தர் கனவில் வரும் பொருளை வைத்துப் பூசிக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைக் காண எந்நாளும் மக்கள் வருவர். காலை 9 மணிக்குள் தரிசனத்தை முடித்துவிடுங்கள். தடித்த பருத்திக் காலுறை அணிந்துகொள்ளுங்கள். வீடு திரும்பியதும் உடன் வந்தவர் இரு உள்ளங்கால்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கூட்டம் வேண்டாதவர்கள் ஊரைச் சுற்றியுள்ள கொறங்காடுகளின் ஓரமாகச் சென்று வரலாம். கிளுவை வேலியும், வெள்வேல மரமும், கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்த இம்மேய்ச்சல் நிலங்களே காங்கேயம் மாடுகளை வளர்த்தவை. பிறக்கும்போது செவலையாக இருக்கும் கன்று, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். குட்டப்பாளையத்தில் இவ்வினத்துக்கென ஆராய்ச்சி மையம் உள்ளது. முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்க. வெள்வேல முள் மெல்லிய செருப்பைத் துளைக்கும். ஆகவே மூடிய காலணி அவசியம். அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

வரலாற்றில் விருப்பமுள்ளவர்களுக்கு நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. சங்க காலத்தில் இரும்பு உருக்கிய, கல்மணிகள் செய்த ஊர். பச்சைக்கல் கிடைத்த படியூர் காங்கேயம் – திருப்பூர் சாலையிலேயே உள்ளது. கொடுமணலில் நிழல் குறைவு. மாலை 4 மணிக்குமேல் செல்வது நலம்.

எங்கு சென்றாலும் மூன்று செய்திகளை மறவாதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்தபின் வெறும் வயிற்றில் தரிசன வரிசையில் நிற்காதீர்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். வழியெங்கும் இளநீர் கிடைக்கும். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் எங்களைக் கேட்டபின் பருகுவதே பாதுகாப்பு.

நிறைவாக, உடனிருந்து பேணுவோருக்கு ஒரு வேண்டுகோள். வார்டு வாசலில் பல இரவுகள் விழித்திருந்த உங்களுக்கும் ஓய்வு வேண்டும். உறவினர் ஒருவரை அமர்த்திவிட்டு ஒரு மாலை நேரம் வெளியே சென்று வாருங்கள். அது நோயாளியைக் கைவிடுவது ஆகாது. நீங்கள் தளராதிருந்தால்தான் அவர் உங்கள் தோளைப் பற்றி நடக்க முடியும்.

அந்த அம்மையார் சென்ற தைப்பூசத்துக்குப் பின் மீண்டும் சிவன்மலை சென்று வந்தார். காலுறையுடன், விடியற்காலையில். மறுநாள் பாதங்களைக் காட்ட எங்களிடம் வந்தார். ஒரு கீறலும் இல்லை.